மூன்றாவது பொட்டு

மூன்றாவது பொட்டு மஞ்சளாகியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அது சிவப்பாக இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக இருக்கும்போது மனிதன் எதையும் பார்ப்பதில்லை. காலையில் கோமளா வைத்தபோது எல்லாமே சிவப்பு, அது மட்டும் உறுதி. ரியாக்டரின் வயிற்றிலிருந்து மேலே ஏறும் குழாயில், துண்டும் துண்டும் சேரும் இடங்களில், போல்ட்டுப் போட்டு இறுக்கிய தடித்த இரும்பு வளையங்கள் இருக்கின்றன. பிளேஞ்ச் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நெற்றி என்று ஓர் இடத்தை அவளாகவே தீர்மானித்துக்கொண்டு வரிசையாக வைத்துக்கொண்டு போனாள். கேன்டீனிலிருந்து தட்டோடு வந்திருந்தாள், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி, நடுவில் வெற்றிலைமேல் கற்பூரம். கற்பூரத்தை மட்டும் நான் ஏற்றவிடவில்லை, ஐசோபியூட்டேன் ஓடப்போகிற இடத்தில் நெருப்பா என்றேன், சரி டாக்டர் சார், சாமி கோச்சுக்காது என்று கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. இது அசல் சிவப்பு இல்லை கோமளா, மஞ்சள்தான், சுண்ணாம்புக்குப் பயந்து சிவந்திருக்கிறது, ஒரு பொட்டு அமிலம் பட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும் என்று, நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும்படி, ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒப்பித்தேன். அவள் விரலை ஆரத்தியில் தோய்த்து மூன்றாவது பிளேஞ்சில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப படாம பாத்துக்குங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். ஆபரேட்டர் ஏகாம்பரம்தான் அதிகம் சிரித்தார். பிறகு எங்கள் நெற்றிகளுக்கும் வைத்தாள், என் நெற்றியில் அவள் விரல் சில்லென்று பட்டது, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஊற்றினாள், லாரிகள் அதன்மேல் ஏறிப் போயின. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தட்டு மூன்று சுற்று முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன், ஏன் என்று தெரியவில்லை.

மூன்றாவதுக்கு மேலே உள்ளது சிவப்பு, கீழே உள்ளது சிவப்பு. நடுவில் இது மட்டும் ஒரு மஞ்சள் கண்போல என்னைப் பார்க்கிறது. மஞ்சளும் மங்கலம்தான், நிறத்தில் குற்றமில்லை, மாறியதில்தான். காற்றுக்கூட இதைச் செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வாசலில் ஊற்றிய ஆரத்தி மறுநாள் மஞ்சள் கறையாகக் கிடப்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். ஆனால் மறுநாள். ஆனால் எல்லாக் கறையும். ஒரு வரிசையில் நிற்கும் பொட்டுகளில் ஒன்றை மட்டும் காற்று தேர்ந்தெடுத்துத் தின்னாது. அவள் விரலில் அந்த ஒரு முறை சுண்ணாம்பு குறைவாக வந்திருக்கலாமே. வந்திருக்கலாம். அவள் என்னோடு பேசிக்கொண்டே வைத்த பொட்டு அது, அழுத்தம் குறைந்திருக்கும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, வத்சலா சொல்வாள், உங்ககிட்ட விளக்கம் கேட்டா விளக்கு அணைஞ்சிடும் என்று. என் மனைவி பேச்சில் சிக்கனம், அதனால் படும் இடத்தில் படும். ரியாக்டரின் காலடியிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்கிறது. ஏகாம்பரம் தூங்குகிறார். இந்தக் கண்ணாடி அறையின் கதவு முழுதாகச் சாத்துவதில்லை, ஒரு விரற்கடை இடைவெளி எப்போதும் உண்டு, அதன் வழியாகப் பம்பின் தடக் தடக் வருகிறது, அதற்குப் பின்னால் அந்தக் குறட்டை. பம்பின் தாளத்துக்கு ஒத்துக் குறட்டை விடுகிறார், தூக்கத்திலும் ஆபரேட்டர். இங்கிருந்து தெரிவது அவருடைய பாதங்கள் மட்டும், கழற்றிவைத்த சேஃப்டி ஷூக்களுக்குப் பக்கத்தில் இரண்டு வெளுத்த பாதங்கள், விரல்கள் மேலே பார்க்க. அவர் அங்கே படுத்திருப்பது என்னால். கூட்டத்தில் நான்தான் சொன்னேன், இந்த வினையூக்கி ஆவியாகாது, வாசனை கிடையாது, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துத் தூங்கலாம் என்று. அது ஒரு பேச்சுக்கு. முன்வரிசையில் இயக்குநர் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் சிரிக்கவில்லை, நம்பினார். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, சார் சொன்ன இடம்தான், குளுகுளுன்னு இருக்கு என்று படுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பழைய யூனிட்டில் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள். ஷெட்டின் பின்பக்கம் தெரிகிறதே, வேலி போட்டு, நாலு மூலையிலும் தண்ணீர்ப் பீரங்கி நிறுத்தி, அதுதான். அங்கேயும் இதே வேலைதான் நடக்கிறது. ஐசோபியூட்டேன் என்றொரு சின்ன மூலக்கூறு, பியூட்டீன் என்று இன்னொன்று, இரண்டையும் சேர்த்து வைத்தால் எஞ்சின் இடறாமல் எரிகிற பெட்ரோல் சரக்கு. தாமாகச் சேராது. நடுவில் ஒரு தரகர் வேண்டும், அமிலம்தான் தரகர், கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டில் தங்காமல் அடுத்த வீட்டுக்குப் போகிறவர். இங்கே தரகர் நான் செய்த அயனித் திரவம், தண்ணீரில்லாமலே நீரான உப்பு; அங்கே ஹைட்ரஜன் ஃபுளூரைடு. அந்த அமிலம் மேலே பட்டால், சில சமயம், பட்ட இடம் வலிக்காது. அதுதான் அதன் குணம். தோலைச் சும்மா விட்டுவிட்டு உள்ளே போய் எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைத் தேடும். ஏகாம்பரத்துக்கு வலது கை மோதிர விரலின் நுனி இல்லை. மத்தியானம் பட்டிருக்கிறது, பட்டது தெரியாமல் வீட்டுக்குப் போய் ராத்திரி சோறு பிசையும்போதுதான் கத்தியிருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் அந்த விரலை உயர்த்திக் காட்டமாட்டார், மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொள்வார். அந்த விரலுக்காகத்தான் இந்த ஷெட் என்று சொன்னால் பொய், என் பெயருக்காகவும்தான். ஆனால் அந்த விரலும் உண்டு. மாலை டீ நேரத்துக்கு டெல்லியிலிருந்து வந்திருப்பவர்களை இயக்குநர் இங்கே அழைத்து வருகிறார். ஓடுகிற ரியாக்டரைப் பார்த்தால் பழைய யூனிட்டை மூடிவிட்டு இதைப் பெரிதாகக் கட்டுவார்கள். நின்றுபோன ரியாக்டரைப் பார்த்தால் கைகுலுக்கிவிட்டு விமானத்துக்குப் போய்விடுவார்கள், பழைய அமிலம் இன்னொரு தலைமுறைக்கு ஓடும், இன்னும் சில விரல்கள். சிவப்புப் பொத்தான் ரியாக்டருக்கு முன்னால் தூணில் இருக்கிறது. அழுத்தினால் எல்லாம் நிற்கும், வால்வுகள் மூடும், உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கும், திரும்ப ஓட்டிக் காட்ட நாளை சாயந்திரம் ஆகிவிடும். ஒரு பொட்டு நிறம் மாறியதற்காக அழுத்தினேன் என்று எந்த வாயால் சொல்வது. ஆரத்தி மஞ்சளாகிவிட்டது ஐயா, அதனால் நிறுத்திவிட்டேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கும்போது எதிரில் இருப்பவர் காணாமல் போய்விடுவார்.

வாசனை வந்தால் முடிவு எடுத்துவிடலாம். மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், பழக்கம். ஒன்றுமில்லை. எப்போதும் ஒன்றுமில்லை. அந்தக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்துபோனபோது எனக்கும் வந்தது, எல்லாருக்கும் ஒரு மாதத்தில் திரும்பி வந்த வாசனை எனக்கு வரவில்லை. காபி என்பது சூடான ஒரு நிறம். மழை என்பது சத்தம். வத்சலா தலையில் மல்லிகை வைத்திருக்கிறாளா என்பதைத் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், முதலில் அவள் வருத்தப்பட்டாள், பிறகு வைப்பதை விட்டுவிட்டாள், அதையும் நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓடிவந்தாள், பால் தீய்ந்து சமையலறையே புகை, அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கோபமில்லை, பயம். "ஏங்க, பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க. நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான போனேன்." இங்கே இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, வாசனையே இல்லாத ஒரு திரவத்துக்கு மூக்கில்லாத ஒருவன் காவல் இருப்பதில் என்ன குறை என்று ஒரு கணக்கு. சுத்தமான அயனித் திரவத்துக்கு வாசனை இல்லைதான். ஈரம் படாதவரை. ஈரம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும், அது மூக்கில் ஊசியாய் ஏறும் என்று பழைய ஞாபகம், ஞாபகத்துக்கு வாசனை கிடையாது, ஊசி என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூட்டத்தில் அந்த ஈரத்தைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னேன். பாயைப் பற்றித்தான் எல்லோருக்கும் ஞாபகம். தொண்டையில் ஏதோ அரிக்கிறது. காலையிலிருந்து பேசிய தொண்டை. ஏகாம்பரத்துக்கு மூக்கு உண்டு, அதுவும் எப்படிப்பட்ட மூக்கு, பழைய யூனிட்டில் கருவி கத்துவதற்கு முன்னால் அவர் எழுந்து நிற்பார் என்பார்கள், செத்தாலும் ஆசிட் வாடைக்கு எழுந்திருப்பான்யா என்று கேலி பேசுவார்கள். அவர் குறட்டை விடுகிறார். ஆகவே வாடை இல்லை. ஆகவே கசிவு இல்லை. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. குறட்டை கேட்கும்வரை நான் உட்கார்ந்திருக்கலாம். தடக், ஸ்ர்ர். தடக், ஸ்ர்ர். எவ்வளவு நிதானமான தூக்கம்.

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஐப்பசி மாதம், கழிமுகத்தைத் தாண்டிக் கடல்காற்று ஷெட்டுக்குள் நுழைந்து மேற்கே இந்தக் கண்ணாடியில் வந்து முட்டுகிறது, கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கிறது. ஈரக் காற்று. வாயுக் கசிவுக் கருவி கிழக்குச் சுவரில் இருக்கிறது, காற்று வரும் பக்கம், அதன் பச்சை விளக்கு எரிகிறது, கடலில் கசிவு ஏதும் இல்லை என்று அது சான்று தருகிறது. இதில் ஏன் சிரிப்பு வருகிறது. முதன்முதலில் இந்தத் திரவத்தைச் செய்த நாள் ஞாபகம் வருகிறது. ஈரமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறைகளுக்குள் கையை நுழைத்து, ஒரு வெள்ளைப் பொடி, இன்னொரு வெளிர்மஞ்சள் பொடி, அலுமினியம் குளோரைடு. இரண்டும் உப்பு. கிண்ணத்தில் கொட்டிக் கரண்டியால் கிளறினேன். யாரும் எதையும் ஊற்றவில்லை. தண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை. பொடி ஓரத்தில் நனைந்தது. எதனால் நனைந்தது? தன்னாலேயே நனைந்தது. பிறகு முழுவதும் இளகி, கிண்ணம் சூடாகி, தேன்போலக் கெட்டியாய், பழுப்பாய், என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. காரணம் எனக்குத் தெரியும், பாடமே நடத்துவேன், பருத்த அயனிகள் ஒழுங்காய் அடுக்க முடியாமல் திணறுகின்றன, அதனால் உறைவதில்லை. தெரிந்தும் கையை உருவிக்கொண்டேன். உப்பு என்றால் கடலை இழந்துவிட்டு வெயிலில் கிடக்கும் ஒன்று. இது எதையும் இழக்காமல் நீராகிறது. நாளெல்லாம் திறந்து வைத்தாலும் குறையாது, உலராது, போகாது. உலகத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, குளம், மல்லிகை, கற்பூரம், என் மூக்கு. போகாத ஒன்றோடு ஒரே அறையில் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீர் ஒன்றுதான் அதற்கு ஆகாது, அதன் கோபத்தை அது இரும்பின்மேல் காட்டும். பிளேஞ்சுக்கு நடுவே வைத்து இறுக்கிய கேஸ்கட் வளையத்தின் ஓரத்தில் மயிரிழை அளவு கசிந்து, ஈரக் காற்றைக் குடித்து, அமிலமாகி, போல்ட்டின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தால்? போல்ட்டு விட்டால் வருவது அமிலம் மட்டுமல்ல. அதற்குப் பின்னால் அழுத்தத்தில் அடைத்துவைத்த ஐசோபியூட்டேன் அவ்வளவும், எரியக் காத்திருக்கும் ஒரு மேகம், அதற்கடியில் இரண்டு வெளுத்த பாதங்கள். நான்காவது பொட்டின் விளிம்பு சிவப்பா? சிவப்பு. விளிம்பில் ஒரு நிலவுப் பிறை அளவு மட்டும் மஞ்சள். இல்லை, கண்ணாடி வியர்த்திருக்கிறது. உள்ளங்கையால் துடைக்கிறேன், வியர்வை வெளிப்பக்கம், துடைத்துப் பயனில்லை. பிறை இருக்கிறது. பிறை கொஞ்சம் தடித்திருக்கிறது.

காற்று தேர்ந்தெடுக்காது என்று நான்தான் சொன்னேன். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு, எழுந்து போய்ப் பார்ப்பது. அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நேரமும் அது ஒன்றை மட்டும் யோசிக்காமல் மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அழுத்த வேண்டும். தெரியாதவனாக இன்னும் கொஞ்சம் நேரம், டீ வரும்வரை, கார்கள் வரும்வரை. அவர்கள் போனபிறகு தெரிந்துகொள்ளலாம். இப்படித்தான் பாலும் தீய்ந்திருக்கும், நான் படித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிடலாம் என்று. இல்லை, அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரியும். குறட்டை கேட்கிறது, கேட்கட்டும், அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு இருக்கிறது, காலையில் கோமளா வைத்தது, காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது, அந்தப் பிளேஞ்சைத் தடவிக்கொண்டு அவர் முகத்தின்மேல். அவர் பொட்டு சிவப்பாக இருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். இது நான் எனக்கே வைத்துக்கொண்ட பந்தயம். எழுந்துவிட்டேன். கதவைத் தள்ளியதும் தொண்டையில் அரிப்பு முள்ளாகிறது, கண்ணோரம் நீர் கோர்க்கிறது, மூக்கு மட்டும் எந்தச் சாட்சியும் சொல்லாமல் இருக்கிறது. ரியாக்டரைச் சுற்றிப் போகிறேன். ஷூ, பாதம், காக்கிக் கால்சட்டை, வயிற்றின்மேல் கோத்த கைகள், மடக்கிய மோதிர விரல். குனிகிறேன். அவர் நெற்றிப் பொட்டு மஞ்சள். நல்ல மஞ்சள், இப்போதுதான் அரைத்து வைத்ததுபோல. வியர்வையும் லேசான அமிலம்தான் என்று எனக்குள் ஒருவன் ஆரம்பிக்கிறான், இன்னும் அவன் ஓயவில்லை, அப்போதுதான் பார்த்தேன், ஏகாம்பரம் கண்களைத் திறந்து வைத்திருந்தார். சிமிட்டாமல், ஈரமாக, என் நெற்றியையே பார்த்துக்கொண்டு. இறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது.

எப்போது விழித்தீர்கள் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா தெரியவில்லை. "தூங்கவே இல்ல சார்," என்றார், அசையாமல், மெதுவாக, பக்கத்தில் யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. "வந்து படுத்ததுலேர்ந்து ஆசிட் வாடை அடிக்குது. இந்த ஆசிடுக்கு வாடையே கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க. பழைய யூனிட்டு மூக்குலயே தங்கிடுச்சு போலன்னு நெனச்சேன். தலையத் தூக்கி எட்டிப் பாத்தேன், கண்ணாடிக்கு அந்தாண்ட நீங்களும் இதையே பாத்துக்கினு கம்முனு உக்காந்திருந்தீங்க. சாரே கம்முனு இருக்காரு, நம்ம எதுக்கு எழுந்துன்னு…" நிறுத்திவிட்டு நுனியில்லாத விரலை நீட்டினார், முதல்முறையாக அந்த விரலை நீட்டிப் பார்க்கிறேன். "சார், உங்க பொட்டு." நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, தொட்டேன், விரல் நுனியில் மஞ்சள் பொடி. அவர் இவ்வளவு நேரமும் என் மௌனத்தை முகர்ந்துகொண்டிருந்தார், நான் அவர் தூக்கத்தை நம்பிக்கொண்டிருந்தேன், அவர் தூங்கவே இல்லை. தூங்கவே இல்லை. அப்படியானால். தூணை நோக்கி எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, உள்ளங்கை முழுதும் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தினேன், தூரத்தில் வால்வுகள் ஒவ்வொன்றாக அறைந்து சாத்தின, பம்பு ஒருமுறை தடக்கென்று, பாதித் தடக்கென்று, நின்றது. வேலிக்கு அப்பால் கார்க் கதவுகள் திறக்கும் சத்தம், யாரோ ஆங்கிலத்தில் சிரித்தார்கள். ஏகாம்பரம் வெறுங்காலோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார், காத்து வர்ற பக்கமா வாங்க சார், கடல் பக்கம் வாங்க என்று இழுத்தார், மறு கையை வேலிப் பக்கம் ஆட்டி, அங்கேயே நில்லுங்க என்று கத்தினார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பம்பு நின்றுவிட்டது, குறட்டை நிற்கவில்லை. தாளம் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்றாவது பொட்டு இருந்த இடத்திலிருந்து அது வந்துகொண்டிருந்தது, நடுவில் ஒருமுறைகூட உள்ளே இழுக்காமல், ஒரே நீள மூச்சாக.